பிறவாத மகவும் விடுமுறைச் சட்டமும்

கூலிக்கு உழைப்போர், தாம் உழையாதிருக்கும் நாட்களுக்கும் கூலி பெறுதற்கு உரியர் என்னும் கொள்கை மிகப் பழையதன்று. ஆலைத்தொழில் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டில், வேலைக்கு வாராத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதே பொதுவிதியாக இருந்தது. நோயும் மூப்பும் மகப்பேறும் தொழிலாளியின் சொந்த அலுவல்களாகவே கருதப்பட்டன. அந்நிலை படிப்படியாக மாறியது. 1919ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரிற் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, தன் முதற் கூட்டத்திலேயே மகப்பேற்றுப் பாதுகாப்பினைக் குறித்து ஒரு சமவாயத்தை நிறைவேற்றியது. பிரசவத்தின் பின் 6 வாரம் பெண்ணை வேலைக்கு அமர்த்தலாகாது என்பதும், அதன் முன் 6 வாரம் அவள் வேலையினின்று நீங்கியிருக்க உரியள் என்பதும், அக்காலத்தில் அவளையும் பிள்ளையையும் பேணப் போதிய உதவிப்பணம் கிடைத்தல் வேண்டும் என்பதும் அதன் சாரமாகும். 1952ஆம் ஆண்டின் சமவாயம் 12 வாரத்தையும், 2000ஆம் ஆண்டின் சமவாயம் 14 வாரத்தையும் குறைந்த அளவாக விதித்தன. இலங்கையில் 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும், இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைச் சட்டமும் இவ்வழியில் எழுந்தவை.

இச்சட்டங்களெல்லாம் பிரசவம் என்னும் நிகழ்ச்சியை நடுவாக நிறுத்தி, அதன் முன்னும் பின்னும் நாட்களை எண்ணுவன. ஆயின் எல்லாக் கருவும் பிரசவத்திற் சென்று முடிவதில்லை. மூன்றாந் திங்களிற் கருவை இழந்த பெண் மறுநாட் காலையில் அலுவலகத்துக்கோ ஆலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ செல்ல வேண்டியவளா? அவள் இல்லத்தில் தங்குவாளாயின், அந்நாட்கள் எக்கணக்கில் எழுதப்படும்? கருவே தரியாமையாற் பல திங்களாகச் சிகிச்சை பெறும் தம்பதியர், அச்சிகிச்சைக்குரிய நாட்களை எங்கிருந்து பெறுவர்? அண்மைக் காலத்திற் பல நாட்டுப் பாராளுமன்றங்களை எதிர்கொண்ட வினாக்கள் இவை. அவை கண்ட விடைகளை ஒப்புநோக்கின், ஓருண்மை தெளிவாகும். இவ்விழப்பினைச் சட்டம் எப்பெயரால் அழைக்கின்றது என்பதே, விடுமுறை எத்தனை நாள், அதனைப் பெறுவோர் யாவர், அவர்கள் எதனை வெளிப்படுத்தல் வேண்டும் என்னும் மூன்றினையும் தீர்மானிக்கின்றது. அவ்வுண்மையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இழப்பின் இயல்பு

முதற்கண் சொற்களை வரையறுத்துக்கொள்ளுதல் நன்று. கரு தானே நிலைகெட்டுக் கழிதலைக் கருச்சிதைவு என்றும், வைத்திய முறையால் அதனை நீக்குதலைக் கருக்கலைப்பு என்றும் ஈண்டு வழங்குவாம். முதிர்ந்த பருவத்தில் உயிரற்றுப் பிறக்கும் பிள்ளையை நம் முன்னோர் சாப்பிள்ளை என்றனர். கருச்சிதைவுக்கும் சாப்பிள்ளைப் பேற்றுக்கும் இடையே உள்ள எல்லை எந்த வாரத்தில் அமைகின்றது என்பதில் நாடுகள் ஒத்த கருத்துடையன அல்ல. உலக சுகாதாரத் தாபனம் நாடுகளை ஒப்பிடும்போது 28ஆம் வாரத்தை எல்லையாகக் கொள்ளும். பிரித்தானியச் சட்டம் 24ஆம் வாரத்தைக் கொள்ளும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பொதுவாக வழங்குவது 20ஆம் வாரம். இந்தியாவின் 1961ஆம் ஆண்டுச் சட்டமோ 26ஆம் வாரம் முடியும்வரை நிகழ்வதைக் கருச்சிதைவு என்றது. எனவே, ஒரு நாட்டிற் கருச்சிதைவு எனப்படுவது மற்றொரு நாட்டில் மகப்பேறு எனப்படுதலுங் கூடும்.

இந்நிகழ்ச்சி அரிதானதன்று. இலண்டனில் வெளிவரும் 'லான்செற்' என்னும் வைத்திய இதழ் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுத்தொடர், அறியப்பட்ட கருப்பங்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து சிதைகின்றன என்றும், உலகெங்கணும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 2 கோடியே 30 இலட்சம் கருச்சிதைவுகள் நிகழ்கின்றன என்றும் கணக்கிட்டது. அவற்றுட் பெரும்பாலன முதல் மூன்று திங்களுக்குள் நிகழ்வன. தொடக்கத்தில் நிகழ்வனவற்றுள் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம் கருவின் நிறமூர்த்தங்களில் உள்ள குறைபாடாகும். தாய் படியேறினாள், பயணஞ் செய்தாள், வழமையான வேலையைச் செய்தாள் என அவள்மீது பழி சுமத்துவோர் இவ்வுண்மையை அறியாதவர்.

உடலின் நிலையை நோக்குவாம். சிலர்க்குக் கரு தானே முற்றக் கழிந்துவிடும். சிலர்க்கு மருந்து கொடுத்துக் கழியச் செய்தல் வேண்டும். வேறு சிலர்க்குச் சிறு சத்திரசிகிச்சை வேண்டப்படும். குருதிப்போக்கு ஒன்று அல்லது இரண்டு வாரம் நீடித்தல் உண்டு. மாதவிடாய் மீண்டும் வருதற்கு நான்கு முதல் ஆறு வாரமாகும். திங்கள்கள் முதிர முதிர இழப்பு பிரசவத்தையே ஒக்கும். நோவும் அவ்வாறே, பால் சுரத்தலும் அவ்வாறே. உள்ளத்தின் நிலை இதனினும் நீண்டது. இலண்டனிலும் பெல்ஜியத்திலும் உள்ள ஆராய்ச்சியாளர், தொடக்கத் திங்களிற் கருவிழந்த 650க்கு மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டு ஒரு முடிவினை வெளியிட்டனர். இழப்பின் பின் ஒரு திங்கள் சென்ற நிலையில் நூற்றுக்கு 29 பேரிடமும், ஒன்பது திங்கள் சென்ற நிலையில் நூற்றுக்கு 18 பேரிடமும் பேரதிர்ச்சியின் பின் தோன்றும் மனநோய்க் குறிகள் காணப்பட்டன. ஆகவே, உடல் தேறுதற்கு வேண்டுங் காலமும் உள்ளந் தேறுதற்கு வேண்டுங் காலமும் ஒன்றல்ல என்பது பெறப்படும்.

மகப்பேறு என்னும் பெயர்

கருவிழப்பினை மகப்பேற்றின் ஒரு கூறாகக் கொள்ளுதல் முதலாவது முறையாகும். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இந்தியா. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, கருச்சிதைவுற்ற பெண்ணுக்கு, அது நிகழ்ந்த நாளை அடுத்த 6 வாரத்துக்கு, மகப்பேற்று நன்மைக்குரிய அதே வீதத்திற் சம்பளத்துடன் விடுமுறை வழங்கியது. சட்டத்துக்கு இணங்கச் செய்யப்படும் கருக்கலைப்பும் பின்னர் அப்பிரிவினுட் சேர்க்கப்பட்டது. கருச்சிதைவால் நோய் உண்டாயின் மேலும் ஒரு திங்கள் விடுமுறையை 10ஆம் பிரிவு அளித்தது. இச்சட்டம் உட்படப் பல சட்டங்களைத் தொகுத்து ஆக்கப்பட்ட 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த 6 வாரம் குறைவின்றி இடம் பெற்றுள்ளது. இந்தோனேசியா 2003ஆம் ஆண்டின் தொழிற் சட்டத்தால் ஒன்றரைத் திங்கள் ஓய்வு அளித்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் 2019ஆம் ஆண்டுச் சட்டம், உயிருள்ள பிள்ளையைப் பெற்றாட்கு 105 நாளும், கருவிழந்தாட்கு 60 நாளும் சம்பளத்துடன் வழங்கியது. செல்வ நாடுகள் பல இப்பொருளைக் குறித்து எண்ணத் தொடங்குமுன்னரே ஆசிய நாடுகள் சில இத்துணைத் தூரம் சென்றிருந்தமை குறிப்பிடத்தக்கது.

இம்முறையின் சிறப்பு யாதெனின், நாட்கள் போதியனவாக இருத்தலும், அவற்றுக்குச் சம்பளம் உறுதிப்பட்டிருத்தலுமாம். குறைகளும் உள. இது தாயின் உடலையே நோக்குவது. தந்தையின் துயரத்துக்கு இதன்கண் இடமில்லை. விடுமுறை வேண்டுவாள் கருச்சிதைவு நிகழ்ந்தமைக்குச் சான்று காட்டல் வேண்டும். அன்றியும், ஓரளவு பெரிய நிறுவனங்களிற் பெயர் பதிந்து வேலை செய்வோர்க்கே சட்டத்தின் கை எட்டுகின்றது. வயலிலும் வீட்டுவேலையிலும் கட்டட வேலையிலும் நாட்கூலிக்கு உழைக்கும் இந்தியப் பெண்களுட் பெரும்பாலார்க்கு 6 வாரம் என்பது ஏட்டளவிலேயே நிற்கின்றது. கருவிழந்த மறுநாளே அவர்கள் மண் சுமக்கச் செல்வாராயின், அது சட்டத்தின் குறையா, சட்டம் எட்டாமையின் குறையா என்று வினவுதல் பொருத்தமாகும்.

நோய் என்னும் பெயர்

இரண்டாவது முறை, இழப்பினை ஒரு நோயாகக் கொண்டு, நோய் விடுமுறையுள் அடக்குவது. தனிச்சட்டம் இல்லாத நாடுகளில் வழக்கில் நிகழ்வது பெரும்பாலும் இதுவே. வைத்தியர் அத்தாட்சி கொடுப்பார். பெண் சில நாள் தங்குவாள். அந்நாட்கள் அவளது ஆண்டுக் கணக்கிற் கழிக்கப்படும். பின்னர் உண்மையாகவே காய்ச்சல் வருமாயின், அவளுக்கு நாட்கள் எஞ்சியிரா.

பிரான்சு நாட்டிலே தனியார் துறைத் தொழிலாளி நோய் விடுமுறை எடுப்பின், முதல் மூன்று நாட்களுக்குக் காப்புறுதிப் பணம் வழங்கப்படுவதில்லை. ஒருசில நாளே ஓய்வெடுக்கும் கருவிழந்த பெண்ணுக்கு இவ்விதி ஏறத்தாழ முழுச் சம்பளத்தையும் இழக்கச் செய்தது. 2023ஆம் ஆண்டு யூலைத் திங்களில் நிறைவேறிய சட்டம், 22ஆம் வாரத்துக்கு முன் நிகழும் இழப்பிற்கு அம்மூன்று நாட் காத்திருப்பினை நீக்கியது. அது 2024 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. இது பெயரை மாற்றாது குறையை மட்டுந் திருத்திய ஒரு முறையாகும். பணம் கிடைத்தது, ஆயின் பெண் நோயாளியாகவே பதியப்பட்டாள், தந்தை எவ்விடத்தும் பதியப்பட்டிலன்.

துக்கம் என்னும் பெயர்

மூன்றாவது முறையை உலகறியச் செய்தது நியூசிலாந்து. அங்கே நெருங்கிய உறவினர் இறந்தவிடத்துத் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் 3 நாட் துக்க விடுமுறை முன்னரே இருந்தது. ஜின்னி அண்டர்சன் என்னும் பாராளுமன்ற உறுப்பினர், கருச்சிதைவும் சாப்பிள்ளைப் பேறும் அவ்விடுமுறைக்குரிய காரணங்களுட் சேர்க்கப்படல் வேண்டும் என ஒரு சட்டமூலத்தைக் கொணர்ந்தார். இத்துயரம் பிணியன்று, இழப்பே ஆகும். ஆகலின் நோய்க்கென வைத்த நாட்களை இதற்குச் செலவிடுமாறு கூறுதல் தகாது என்பது அவர் வாதம். 2021 மார்ச்சு 24ஆந் திகதி அம்மூலம் எதிர்ப்பின்றி நிறைவேறியது.

அச்சட்டத்தின் புதுமை மூன்று நாளில் இல்லை. அது யாருக்கு வழங்கப்பட்டது என்பதிலேதான் உள்ளது. கருவைச் சுமந்தாள் மட்டுமன்றி, அவள் கணவன் அல்லது துணைவனும் விடுமுறைக்கு உரியனாயினான். மகவேற்பு வழியாகவோ வாடகைத்தாய் வழியாகவோ அப்பிள்ளையை எதிர்நோக்கியிருந்தோரும் உரியராயினர். கரு எத்தனை வாரம் வளர்ந்திருந்தது என்னும் வினா எழவில்லை. கருக்கலைப்பு மட்டும் அச்சட்டத்தின் புறத்தே நிறுத்தப்பட்டது. அவுஸ்திரேலியாவும் 2021ஆம் ஆண்டிலேயே தனது பரிவு விடுமுறையினுட் கருச்சிதைவைச் சேர்த்து, பெண்ணுக்கும் துணைவனுக்கும் 2 நாள் அளித்தது.

இம்முறையின் குறை வெளிப்படை. இந்தியாவில் 6 வாரமும் பிலிப்பைன்சில் 60 நாளும் பெற்ற அதே நிகழ்ச்சி, நியூசிலாந்தில் 3 நாளாகச் சுருங்கியது. காரணம் ஈகையின்மை அன்று. துக்கம் என்னும் தலைப்பிற்கு அந்நாட்டுச் சட்டம் முன்னரே வகுத்திருந்த அளவு 3 நாள். அத்தலைப்பினுட் புகுந்தது அவ்வளவினையே பெற்றது. குருதிப்போக்கு நில்லாத பெண், நான்காம் நாள் மீண்டும் நோய் விடுமுறையையே நாடல் வேண்டியவளானாள். பெயரிலும் பொருளிலும் இதனிற் குறைந்த சட்டங்களும் உள. அமெரிக்காவின் இல்லினோய் மாநிலம் 2023 தொடக்கம், கருவிழப்புக்கும் பலிக்காத கருத்தரிப்புச் சிகிச்சைக்கும் 10 வேலைநாள்வரை துக்க விடுமுறை அளித்தது. ஆயின் அது சம்பளமற்றது. அன்றன்றைச் சம்பளத்தால் வாழ்வோர்க்குச் சம்பளமற்ற விடுமுறை, பூட்டிய கதவின் வழியாகத் தெரியும் விளக்கினையே ஒக்கும்.

படிமுறை என்னும் வழி

எல்லையை ஒரே வாரத்தில் நிறுத்துதலால் விளையும் இன்னலுக்குப் பிரித்தானியா சான்றாகும். அங்கே 24ஆம் வாரம் நிறைந்தபின் பிள்ளை உயிரற்றுப் பிறப்பின், தாய் முழு மகப்பேற்று விடுமுறைக்கும் உரியள். பெற்றோர் இருவரும் 2020 ஏப்பிரில் தொடக்கம் 2 வாரத் துக்க விடுமுறைக்கும் உரியர். அதற்கு ஒருநாள் முன்னர் நிகழ்ந்த இழப்பிற்கு இவற்றுள் ஒன்றும் இல்லாதிருந்தது. 2025ஆம் ஆண்டின் தொழில் உரிமைச் சட்டம் அவ்வெல்லைக்கு முன் நிகழும் இழப்பிற்கும் துக்க விடுமுறையை விரித்தற்கு வழி வகுத்தது. ஆயின் சம்பளம் அதனோடு சேர்க்கப்படவில்லை.

ஜேர்மனி இவ்வின்னலைப் படிகள் அமைத்துத் தீர்க்க முயன்றது. அங்கும் முன்னர் 24ஆம் வாரமே எல்லையாக இருந்தது. 2025 யூன் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, 13ஆம் வாரந் தொடக்கம் கருவிழப்போர்க்கு 2 வாரமும், 17ஆம் வாரந் தொடக்கம் 6 வாரமும், 20ஆம் வாரந் தொடக்கம் 8 வாரமும் மகப்பேற்றுப் பாதுகாப்புக் கிடைக்கின்றது. தென்கொரியாவும் இவ்வாறே படிகள் அமைத்தது. 2025 பெப்ரவரி தொடக்கம் அங்கே முதற்படி 10 நாளாகும், 28ஆம் வாரத்தின் பின்னதாகிய ஈற்றுப்படி 90 நாளாகும்.

கருவின் திங்களுக்கு ஏற்ப நாட்களை அளத்தல் முற்றும் புதிய எண்ணம் அன்று. மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம், கரு எத்தனை திங்கள் வளர்ந்து கழிந்ததோ அத்தனை இரவு அப்பெண்ணுக்கு ஆசௌசம் என விதித்தது. பராசரஸ்மிருதி, நான்காந் திங்கள்வரை நிகழ்வதை ஸ்ராவம் என்றும், ஐந்தாம் ஆறாந் திங்களில் நிகழ்வதைப் பாதம் என்றும், அதன்பின் நிகழ்வதைப் பிரசவம் என்றும் மூவகையாக வகுத்தது. அந்நூல்கள் பேசுவது தூய்மையைப் பற்றியேயன்றி ஓய்வையோ கூலியையோ பற்றியன்று. ஆகலின் அவற்றை இக்காலத் தொழிற் சட்டத்தோடு ஒன்றாகக் கொள்ளுதல் பிழையாகும். எனினும், இழப்பு பல திறத்தது என்பதும், ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற கால ஒதுக்கம் உண்டு என்பதும் முன்னோர் அறிந்தவையே. புறநானூற்றின் 74ஆம் பாட்டும் ஈண்டு நினைக்கத்தக்கது. உயிரற்ற குழவியையும் உருப்பெறாது பிறந்த பிண்டத்தையும் மறக்குடியினர் ஓர் ஆளாகவே மதித்து, வாளால் வடுப்படுத்தி அடக்கினர் என்னுஞ் செய்தி அதனால் அறியப்படும். பிறவாத மகவுக்கும் குடியில் ஓர் இடம் உண்டு என்னும் உணர்ச்சி அவ்வழக்கின் அடியில் உள்ளது.

ஜேர்மானியச் சட்டத்தில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. பெண் தானே விரும்பி வெளிப்படக் கூறின், அப்பாதுகாப்புக் காலத்திலும் வேலைக்குச் செல்லலாம். இந்தியாவின் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவோ, கருச்சிதைவினை அடுத்த 6 வாரம் தொழில்கொள்வோர் அவளை அறிந்து வேலைக்கு அமர்த்தலாகாது எனத் தடுத்தது. முன்னது பெண்ணின் விருப்பத்துக்கு மதிப்பளிப்பது. பின்னது, விருப்பம் என்னும் பெயரால் அவளை வற்புறுத்துவாரிடமிருந்து அவளைக் காப்பது. வேலையிலேயே ஆறுதல் காணும் பெண்கள் உளர். வேலையை இழப்போம் என்னும் அச்சத்தால் ஆறுதல் கண்டதாகக் கூறும் பெண்களும் உளர். சட்டஞ் செய்வார் இவ்விருவரையும் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

மகவு வேண்டிச் செய்யுஞ் சிகிச்சை

இனி, கருத்தரித்தற்கே சிகிச்சை பெறுவார் நிலையை ஆராய்வாம். வளர்ந்தோருள் ஏறத்தாழ ஆறுபேரில் ஒருவர் தம் வாழ்நாளிற் கருத்தரியாமையை எதிர்கொள்கின்றனர் என உலக சுகாதாரத் தாபனம் 2023ஆம் ஆண்டு அறிவித்தது. உடலின் புறத்தே கருக்கட்டச் செய்யும் முறையால் முதற் குழந்தை 1978 யூலை 25ஆந் திகதி இங்கிலாந்தின் ஓல்டம் நகரிற் பிறந்தது. அதே ஆண்டு ஒக்டோபர்த் திங்களிற் கல்கத்தா நகரில் வைத்தியர் சுபாஷ் முகோபாத்தியாயரின் முயற்சியால் மற்றொரு குழந்தை பிறந்தது. அன்று வியப்பாக இருந்தது இன்று பல நகரங்களில் அன்றாட வைத்தியமாகிவிட்டது.

இச்சிகிச்சையின் ஒழுங்கினை அறிந்தாலன்றி, இதற்குத் தனி விடுமுறை ஏன் வேண்டும் என்பது விளங்காது. சூலகத்திற் பல சூல்கள் ஒருங்கே முதிரும்பொருட்டுப் பெண்ணுக்கு ஏறத்தாழப் பத்து நாள் ஓமோன் ஊசிகள் ஏற்றப்படும். அந்நாட்களில் ஒன்றுவிட்டொரு நாளேனும் ஸ்கான் பரிசோதனையும் குருதிப் பரிசோதனையும் வேண்டப்படும். சூல்கள் முதிர்ந்தனவென்று கண்டவுடன் ஈற்று ஊசி ஏற்றப்பட்டு, அதன்பின் 36 மணி நேரமளவில் அவை மயக்க மருந்தின் துணைகொண்டு எடுக்கப்படும். கருக்கட்டிய முளையம் மூன்று முதல் ஐந்து நாளிற் கருப்பையுள் வைக்கப்படும். பின்னர் ஏறத்தாழ இரண்டு வாரம் பயனை எதிர்நோக்கியிருத்தல் வேண்டும். சூல் எடுக்கும் நாளை வைத்தியரோ பெண்ணோ முன்கூட்டிக் குறித்தல் இயலாது. அவள் உடலே அதனைக் குறிக்கின்றது. ஆண்டு விடுமுறையோ பல நாள் முன்னதாக விண்ணப்பித்துப் பெறுவது. நாளை வருக என வைத்தியர் அழைக்கும் ஒருத்திக்கு அது பயன்படாது. நோய் விடுமுறையும் பொருந்தாது. ஏனெனில் அவள் நோயுற்றுக் கிடப்பவள் அல்லள். இவ்வாறு இரு தலைப்புக்கும் புறம்பாதலின், பலர் பொய்க்காரணங் கூறி விடுமுறை பெறுகின்றனர். சிலர் வேலையையே விடுகின்றனர்.

மத்தியதரைக் கடலின் சிறு தீவாகிய மால்ற்றா, இதற்கெனத் தனிக் கட்டளை ஒன்றை 2017ஆம் ஆண்டு பிறப்பித்தது. ஒவ்வொரு சிகிச்சைச் சுற்றுக்கும் 100 மணி நேரம் சம்பளத்துடன் அளித்து, அதனுட் சிகிச்சையை உடலில் ஏற்பவருக்கு 60 மணியும், மற்றைய பெற்றோருக்கு 40 மணியும் அது பகிர்ந்தது. நாளால் அளவாது மணியால் அளந்தமை இக்கட்டளையின் நுண்மையாகும். காலையிற் பரிசோதனை முடித்து நண்பகலில் வேலைக்கு மீளுவார்க்கு அதுவே தக்க அளவு. தென்கொரியா 2018ஆம் ஆண்டு இச்சிகிச்சைக்கு ஆண்டுக்கு 3 நாள் அளித்து, முதல் ஒரு நாளுக்கே சம்பளம் விதித்தது. 2025 பெப்ரவரியில் அதனை 6 நாளாகவும், சம்பளத்துக்குரியவற்றை 2 நாளாகவும் உயர்த்தியது. பிறப்பு வீதம் மிகத் தாழ்ந்த நாடு அது என்பதை நினைப்பின், அவ்வளவு போதுமா என்னும் ஐயம் எழும். பிரான்சு, சிகிச்சைக்குச் செல்லும் பெண்ணின் நேரத்தை வேலைநேரமாகவே கணித்து, துணைவனுக்கும் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று முறை உடன்செல்ல உரிமை அளித்தது.

மறைவும் பணமும்

எவ்விடுமுறையும் கேட்டாற்றான் கிடைக்கும். கேட்டல் என்பது வெளிப்படுத்தல். இங்கேயே இப்பொருளின் பெருஞ் சிக்கல் உள்ளது. மூன்று திங்கள் நிறையுமுன் கருவுற்றமையைப் பிறர்க்குக் கூறாதிருத்தல் பல சமுதாயங்களின் வழக்கம். ஆதலின், இழப்பினைக் கூறுவோர், முன்னர் மறைத்த மகிழ்ச்சியையும் பின்னர் நேர்ந்த துயரத்தையும் ஒரே விண்ணப்பத்தில் எழுதல் வேண்டியவர் ஆகின்றனர். சிகிச்சை பெறுவாளின் நிலை இதனினுங் கடினம். பிள்ளைப்பேற்றினை நாடுகின்றாள் என்னுஞ் செய்தி மேலதிகாரி காதிற்கு எட்டின், பதவியுயர்வு மற்றொருவர்க்குச் செல்லும் என அவள் அஞ்சுதல் வெறுங் கற்பனையன்று. இதற்கு மருந்து எளியது. விடுமுறையின் தேவையைச் சான்றுபடுத்தும் வைத்தியர், அதன் காரணத்தைப் பெயர் சொல்லி எழுத வேண்டுவதில்லை எனச் சட்டம் விதித்தல் கூடும். காரணம் அறிந்தோர் அதனை வெளியிடுதல் குற்றமாதல் வேண்டும். இவ்விரண்டும் இல்லையாயின், உரிமை ஏட்டில் இருந்தும் கேட்பார் இலராவர்.

பணத்தைப் பற்றிய வினாவும் உண்டு. விடுமுறைச் சம்பளத்தைத் தொழில்கொள்வோரே கொடுத்தல் வேண்டுமாயின், ஐந்தாறு பேரை வைத்துத் தொழில் நடத்துவோர் பெண்களையே வேலைக்குச் சேர்க்கத் தயங்குவர். இந்தியாவின் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்மேல் நெடுங்காலமாகக் கூறப்பட்ட குறை இது. பிலிப்பைன்சில் அப்பணத்தின் பெரும்பகுதி சமூகக் காப்புறுதி நிதியினின்று வருகின்றது. ஜேர்மனியிலே ஆண் பெண் வேறுபாடின்றி எல்லாத் தொழிலாளர் பொருட்டும் தொழில்கொள்வோர் ஒரு பொதுநிதிக்குப் பணஞ் செலுத்துவர். மகப்பேற்றுச் செலவு அந்நிதியினின்று அவர்க்கு மீள்கின்றது. அதனால், பெண்ணை வேலைக்கு வைத்தவரே சுமையைத் தாங்குபவர் என்னும் நிலை ஒழிகின்றது. சுமையைப் பலர் பகிர்தலே இதற்கு உற்ற வழியாகும்.

நம் நாட்டுச் சட்டம்

இலங்கையில், தோட்டத் தொழிலாளப் பெண்கள் உள்ளிட்டோர்க்கு 1939ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும், கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோர்க்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமும் உரியன. முன்னர் மூன்றாம் பிள்ளை தொடக்கம் விடுமுறை பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தங்கள் அவ்வேறுபாட்டை நீக்கி, உயிருள்ள பிள்ளை பிறக்கும் ஒவ்வொரு பிரசவத்துக்கும் 84 நாள் வழங்கின. உயிருள்ள பிள்ளை பிறவாத பிரசவத்துக்கு 42 நாள் உண்டு. சாப்பிள்ளை பெற்றாளைச் சட்டம் மறந்துவிடவில்லை என்பது இதனால் விளங்கும். ஆயின், பிரசவம் என்னுஞ் சொல்லே இவ்வேற்பாட்டின் அச்சாணியாகும். இரண்டாந் திங்களிலோ மூன்றாந் திங்களிலோ நிகழும் இழப்பினைப் பிரசவம் என்று ஒருவரும் கூறார். கருச்சிதைவுகளுட் பெரும்பாலன நிகழும் அத்திங்களில் இழந்தவளுக்கு, நோய் என்னும் பெயரையன்றி வேறொரு பெயர் நம் தொழில் வழக்கில் இன்னும் அமையவில்லை.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவாம். மகப்பேறு எனக் கொண்ட நாடுகள் உடலுக்கு வேண்டும் நாட்களைக் கொடுத்துத் தந்தையை மறந்தன. துக்கம் எனக் கொண்ட நாடுகள் இருவரையும் நினைந்து, உடலுக்கு வேண்டும் நாட்களைச் சுருக்கின. நோய் எனக் கொண்ட நாடுகள் இழப்பினையே பெயரின்றி விட்டன. கருவிழப்பு இம்மூன்று பெயருள் ஒன்றனுள் அடங்குவதன்று. உடலின் ஊறும் உள்ளத்தின் துயரும் ஒருங்கே உடையது. ஆதலால், தாய்க்கு அவள் கருவின் வாரத்துக்கு ஏற்ற ஓய்வும், அதனின் வேறாக இருவர்க்கும் துக்க நாட்களும், சிகிச்சை பெறுவார்க்கு மணிக்கணக்கிலான விடுமுறையும், இவையெல்லாவற்றுக்கும் பொதுநிதியினின்று சம்பளமும் அமைந்த சட்டமே நிறைவுடையதாகும். இவற்றுள் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு நாட்டில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே இயலாதது எனத் தள்ளத்தக்கது ஒன்றுமில்லை.

சட்டம் வருங்காறும் காத்திருக்க வேண்டாதனவும் சில உள. பாடசாலை அதிபரும் அலுவலகத் தலைவரும் தமக்கு உள்ள அதிகாரத்தின் எல்லைக்குள், இவ்வாறு வரும் விண்ணப்பத்தைக் காரணம் துருவாது ஏற்கலாம். மீண்டு வந்தவளின் பாடவேளைகளையோ கடமைகளையோ சில நாள் குறைத்துக் கொடுக்கலாம். தந்தையும் ஓரிரு நாள் இல்லத்திற் தங்க இசையலாம். உடன் வேலை செய்வோர் அவள் வராத நாட்களைப் பற்றி வினவாதிருத்தலும் ஓர் உதவியே. மாணவராக இன்று இவ்விதழைப் படிப்போருட் பலர் நாளை பிறர்க்கு விடுமுறை வழங்கும் நிலையில் அமர்வர். அவர் மேசைமீது ஒருநாள் இத்தகைய விண்ணப்பம் வைக்கப்படும். அப்போது அதனை எத்தலைப்பின்கீழ் எழுதுவது என அவர் ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராயின், இக்கட்டுரையின் பயன் நிறைவேறியதாகும்.